சாக்கில் கிடந்த எண்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வீட்டு வாசலில் பிரித்துப் போட்டிருந்தால் தெருவில் போகிறவர்கள் யாரும் சும்மா போவதில்லை. நிற்கிறார்கள். தரையில் கிடக்கும் ஒரு நட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைக்கிறார்கள். பிறகு கேட்கிறார்கள்: "எல்லாம் ஒரிஜினலா?" டேங்க் ஒரிஜினலா, சைலன்சர் ஒரிஜினலா, அந்த ஹெட்லைட் வளையம் ஒரிஜினலா. ஐந்து மாதத்தில் இந்தக் கேள்வியை நூறு முறையாவது கேட்டிருப்பேன். பதில் சொல்லத் தெரியாமல் "ஓரளவுக்கு" என்பேன். அசல் என்று நல்ல சொல் ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஆனால் வியாபாரம் பேசும் விருதுநகர்ப் பக்கத்தில் அசல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வட்டிக்கு விட்ட பணம்தான். யோசித்துப் பார்த்தால் அதுவும் பொருத்தமாகவே படுகிறது. யாரோ ஒருவருக்குத் திருப்பித் தர வேண்டியதற்குத்தான் அசல் என்று பெயர்.

வண்டி, 1988-இல் பதிவான யெஸ்டி ரோட்கிங். யெஸ்டி பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டிகளை இங்கே செய்வதற்காக மைசூரில் 1960-இல் ஐடியல் ஜாவா நிறுவனம் தொடங்கப்பட்டது. 1973 முதல் அதே வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வந்தன. ரோட்கிங் 1978-இல் வந்த மாடல். 250 சிசி, டூ ஸ்ட்ரோக், ஒரே சிலிண்டர். ஆனால் இரண்டு பக்கமும் சைலன்சர். கியர் லீவரை உள்ளே தள்ளி மேலே தூக்கினால் அதுவே கிக்கராகிவிடும். முதல்முறை ஏறுகிறவர்கள் கிக்கரைத் தேடிக்கொண்டிருப்பார்கள். 1996-இல் ஆலை மூடப்பட்டது. அதன்பின் யெஸ்டி என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்பது கர்நாடக உயர் நீதிமன்றம் வரைக்கும் வழக்காகப் போனது. ஆலை போன பிறகும் பெயருக்கு இவ்வளவு சண்டை என்றால், என் வாசலில் கிடந்த இரும்புக்கு எது ஒரிஜினல் என்று நான் தடுமாறியதில் ஆச்சரியமில்லை.

அப்பா இதை 1991-இல் மதுரையில் ஒருவரிடம் இரண்டாவது கையாக வாங்கினார். வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் அவர் போர்மேன். வீடு திருத்தங்கலில். பஸ்ஸை நம்பினால் ஷிஃப்ட்டுக்குப் போக முடியாது. 2003-இல் வண்டியின் 15 வருடப் பதிவு முடிந்தபோது புதுப்பிக்காமல், தவணையில் ஒரு ஸ்ப்ளெண்டர் எடுத்தார். யெஸ்டி, மாடிப்படிக்குக் கீழே போனது. நான் சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் வடிவமைப்பாளன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து டிசம்பர் கடைசி வரை எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ஜனவரியில் கை காலியாகும். அந்த ஜனவரியில் கையில் 22,000 ரூபாய் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் போடக்கூடாது என்று மனைவியிடம் ஒப்பந்தம்.

இணையத்தில் வண்டி மீட்கும் வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துருப்பிடித்த எலும்புக்கூடு ஒன்று வருகிறது, மணல் பீய்ச்சிச் சுரண்டுகிறார்கள், குரோமியம் பூசுகிறார்கள், 20 நிமிடத்தில் ஷோரூமிலிருந்து இறங்கியதுபோல ஒரு வண்டி நிற்கிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மீட்பது என்றால் ஏதோ ஒரு நாளுக்குத் திருப்பிக் கொண்டுபோவது. எந்த நாளுக்கு? வீடியோக்காரர்கள் எல்லோருக்கும் அது ஆலையை விட்டு வண்டி வெளியே வந்த நாள். எங்கள் வீட்டில் அந்த நாளைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. எங்களிடம் வரும்போதே அதன் டேங்கில் ஒரு சொட்டை இருந்தது. குரோமியத்துக்கு மட்டும் 9,000 கேட்டார்கள். அந்தப் பணத்தைக் கொடுத்து, நாங்கள் யாரும் பார்க்காத ஒரு நாளை எதற்கு வாங்க வேண்டும்?

எங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜு வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. அவர் தூரிகையால் தொட்ட ஓவியத்தை அந்த வீடுகளில் யாரும் பார்த்ததில்லை. அவர்களுக்கு முருகன் என்றால் சுவரில் இருக்கும் அந்த அச்சுப்படம்தான், மூலையில் ஈரம் பட்டு, நெற்றியில் வைத்த குங்குமம் கண் வரைக்கும் வழிந்த அந்தப் படம்தான். யாராவது அதை அச்சகத்துக்கு எடுத்துவந்து "இதைப் புதுசாக்கிக் கொடுங்க" என்று கேட்டால், குங்குமத்தை அழிப்பதா வேண்டாமா என்று நான் கேட்பேன். முக்கால்வாசிப் பேர் அழிக்க வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

ஆகவே நானாக ஒரு கணக்குப் போட்டேன். ஒவ்வொரு பாகத்தையும் கையிலெடுத்து, இது யாருக்குத் தர வேண்டியது என்று கேட்பது. பிரேக்கில் ஆரம்பித்தேன். அதில் எனக்குத் தடுமாற்றமே இல்லை. ஷூவுக்குப் புது லைனிங், டிரம்மை லேத்தில் ஏற்றிச் சீராக்கியது, 900 ரூபாய். இரண்டு டயரும் டியூபும் 3,600. டயரில் இன்னும் பட்டன் இருக்கிறது, ஓட்டலாம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். 20 வருடம் நின்ற ரப்பர் அது. என் எலும்பை நான் பணயம் வைக்கலாம், அது என்னோடது. தட்டாவூரணியோ எதுவோ, ஒரு திருப்பத்தில் எதிரே பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு என் பட்ஜெட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தப் பிள்ளைக்குத் தர வேண்டியது பிரேக். பழைய வண்டிக்காரர்கள் பலர் பெயிண்டில் தொடங்கி பிரேக்கில் காசு இல்லாமல் முடிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது வெறும் ரசனைக் கோளாறாகத் தோன்றவில்லை.

டேங்க் சொட்டை யாருக்குத் தர வேண்டியது? அப்பாவுக்கு. அதை விட்டுவிட்டேன். பெயிண்ட் யாருக்கும் தர வேண்டியதில்லை. உள்பக்கத் துருவை மட்டும் எடுத்துவிட்டு மீதியை அப்படியே வைத்தேன். ஒயரிங், கேபிள், பாயிண்ட், கண்டென்சர், காயில் எல்லாம் சேர்ந்து 3,300. மூன்று வாரம் பிளக்கில் பொறி வரவில்லை. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். பட்டாசு ஆலைக்குள் இரும்புக் கருவி கூடாது, பித்தளை, மரம்தான், எங்கேயும் ஒரு பொறி பறந்துவிடக்கூடாது என்பதற்காகவே ஒரு வாழ்க்கையைச் செலவழித்த மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னும் பொறி வரலையா?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்ஜினில்தான் சிக்கல் வந்தது.

இரண்டு இன்ஜின்கள் இருந்தன. சரியாகச் சொன்னால் ஒன்றரை. 1994-இல் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது செயின் அறுந்து முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு, கிராங்க்கேஸை உடைத்துவிட்டது. கிராங்க்கேஸ் என்பது இன்ஜினின் கீழ்ப்பாதியை மூடியிருக்கும் அலுமினியக் கூடு, இரண்டு பாதிகளாக இருக்கும். அன்றைக்கு இங்கே அலுமினியத்தை நம்பிக்கையாகப் பற்றவைத்துத் தர ஆள் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை டியூட்டி. அப்பா மதுரைக்குப் போய் ஒரு பழைய இரும்புக்கடையில் 700 ரூபாய்க்கு வேறொரு யெஸ்டியின் கூட்டை வாங்கிவந்தார். பில் கிடையாது. மெக்கானிக் எங்கள் கிராங்க்கையும் கியரையும் அதற்குள் மாற்றிப் பொருத்திக் கொடுத்தார். உடைந்த கூட்டை அம்மா ஒரு அரிசிச் சாக்கில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்.

இன்ஜின் எண் அந்தக் கூட்டில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். ஆக, 1994 முதல் 2003 வரை 9 வருடம் அப்பா ஓட்டிய வண்டியின் இன்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தில் இருந்த எண்ணும் வேறு வேறு. இடையில் புதுப்பிக்கும் தேவை வராததால் யாரும் பார்க்கவில்லை. நான் பிறந்தது 1990. என் காதில் விழுந்து, தெருமுனையில் அப்பா வருகிறார் என்று என்னை ஓடவைத்த சத்தம் இரண்டாவது கூட்டிலிருந்து வந்தது.

தத்துவம் படித்தவர்கள் இந்த இடத்தில் தீசியஸின் கப்பலைக் கொண்டுவருவார்கள். ஏதென்ஸ்காரர்கள் அந்தக் கப்பலைப் பல தலைமுறை பாதுகாத்தார்கள், உளுத்த பலகையை எடுத்துவிட்டுப் புதுப்பலகை வைத்துக்கொண்டே வந்தார்கள், அப்படியானால் அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள் என்று புளூடார்க் எழுதியிருக்கிறார். நம்மூரில் இதற்குத் தாத்தா காலத்துக் கோடாலி போதும்: மூன்று தடவை காம்பு மாற்றியாயிற்று, இரண்டு தடவை இரும்பு மாற்றியாயிற்று, இன்னும் தாத்தா கோடாலிதான். ஆனால் 1655-இல் தாமஸ் ஹாப்ஸ் இதில் ஒரு குறும்பு செய்தார். கழற்றிப் போட்ட பழைய பலகைகளை ஒருவன் விடாமல் சேர்த்துவைத்து, அதே வரிசையில் பொருத்தி இன்னொரு கப்பல் செய்தால்? இப்போது இரண்டு கப்பல். எது தீசியஸுடையது? இதைப் படித்தபோது எனக்கு வந்த முதல் நினைவு எங்கள் பரணில் இருந்த அரிசிச் சாக்கு. ஹாப்ஸ் சொன்ன அந்த ஆள் எங்கள் அம்மாதான்.

அரசாங்கத்துக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. அதற்கு ஒரு வண்டி என்பது இரண்டு எண்கள், சேசிஸ் எண், இன்ஜின் எண். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி இன்ஜினை மாற்றினால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதலுக்கு, அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். 1994-இல் இரும்புக்கடையில் வாங்கியதற்கு எதைக் காட்டுவது? 2021-இல் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி ஒன்றும் வந்தது. 50 வயது தாண்டியிருக்க வேண்டும், முதல் வடிவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் கூடாது. புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், என் மொத்த பட்ஜெட்டுக்கு 2,000 குறைவு. தினப்படி ஓட்டவும் கூடாது. எங்கள் வண்டிக்கு 50 வயதாக 2038 வரை காத்திருக்க வேண்டும். அதை விடுங்கள். "முதல் வடிவம்" என்று சட்டமே எழுதிவைத்திருப்பதுதான் எனக்கு வியப்பு. வேலைக்குப் போய்வந்த எந்த வண்டி 50 வருடம் முதல் வடிவத்தில் இருக்கும்? கராஜில் பூட்டிவைக்க வசதியுள்ளவன் வண்டிதான் இருக்கும்.

இந்த நேரத்தில்தான், பழைய வண்டி வாங்கி விற்கும் ஒருவர் ஒரு வழி சொன்னார். "தம்பி, இதுக்குப் போய் ஏன் மண்டையை உடைக்கிறீங்க? ரெண்டாவது கூடு நல்லா இருக்குல்ல? அதுல நம்பரை இழைச்சிட்டு ஆர்.சி. நம்பரைப் பஞ்ச் அடிச்சுரலாம். 1,500 ரூபா. கம்பெனி எழுத்து மாதிரியே இருக்கும்."

அவரைத் திட்டிவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் இரண்டு நாள் யோசித்தேன். குற்றம் என்பது தெரியும். ஆனால் குற்றமா என்பது வேறு கேள்வி, தப்பா என்பது வேறு கேள்வி. பஞ்ச் அடித்தால் அந்த எண் என்ன சொல்லும்? இது 1991-இல் இன்னார் வாங்கிய வண்டி என்று சொல்லும். அது பொய்யா? இல்லையே. 9 வருடம் எங்கள் வீட்டு அரிசியையும் காய்ச்சலையும் பள்ளிக்கூடப் பையையும் சுமந்த இன்ஜின் அது. காகிதத்துக்கும் இரும்புக்கும் இடையில் விழுந்த ஒரு இடைவெளியை 1,500 ரூபாயில் மூடுகிறேன், அவ்வளவுதான் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிப் பார்த்தேன்.

இன்னொரு பக்கமும் யோசித்தேன், என் கையே செய்கிற வேலையைப் பற்றி. சைடு பாக்ஸில் ஒட்டும் ரோட்கிங் ஸ்டிக்கர் எங்கும் கிடைக்கவில்லை. இரண்டு பழைய புகைப்படங்களை வைத்து நானே வரைந்து, அச்சகத்தில் ஒரு வேலையின் ஓரத்தில் சேர்த்து அடித்துக்கொண்டேன். சிவகாசியில் அடிக்க முடியாத லேபிள் கிடையாது. அதுவும் போலிதானே? போலி ஸ்டிக்கர் ஒட்டலாம், போலி எண் மட்டும் கூடாதா? என்ன வித்தியாசம்?

வித்தியாசத்தைச் சொன்னது அப்பா. அவர் தத்துவமாகச் சொல்லவில்லை. பஞ்ச் விஷயத்தை நான் சொன்னதும், "எழுதியிருக்கறது ஒண்ணு, இருக்கறது ஒண்ணுன்னா ரிஜிஸ்டர் எதுக்குடா?" என்றார். அவர் 30 வருடம் ரிஜிஸ்டர் எழுதியவர். ஒரு அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ மருந்து என்று எழுதுவது போர்மேன் வேலை. எங்கள் பகுதியில் ஒவ்வொரு வெடிவிபத்துக்குப் பின்னாலும் விசாரணையில் மறுபடி மறுபடி வருவது இதுதான்: அறையில் இருந்த ஆட்களும் மருந்தும் காகிதத்தில் இருந்ததைவிட அதிகம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல, உதவிக்கு ஓடிவந்தவர்கள். அப்பா அதன்பின் சில மாதங்கள் ஒழுங்காகத் தூங்கவில்லை. ரிஜிஸ்டர் என்பது அவருக்குக் காகிதம் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கதவைத் திறக்கப்போகிற ஒருவனுக்குக் கொடுத்த வாக்கு.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஸ்டிக்கர் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. (விற்றால் கொடுக்கும். அதற்காகவே, காலண்டரில் அச்சகத்தின் பெயர் போடுகிற மாதிரி, ஸ்டிக்கரின் கீழ் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ‘சிவகாசி’ என்று போட்டிருக்கிறேன்.) இன்ஜின் எண் அப்படி அல்ல. வண்டி திருடு போனவன், அடிபட்டுக் கிடப்பவன், நாளைக்கு வாங்கப்போகிறவன், எனக்கு முகமே தெரியாத இவர்களுக்காக அது அங்கே இருக்கிறது. அந்த எண்ணுக்கும் வண்டியின் ஆத்மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சம்பந்தம் இல்லை என்பதாலேயே அதில் என் குடும்பப் பாசத்துக்கு உரிமை கிடையாது.

பரணிலிருந்து சாக்கை இறக்கினேன்.

இந்த வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் என் ஏப்ரல் முழுக்கப் போனது. ஒரு பாதியில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு உடைந்திருந்தது. துண்டும் சாக்கிலேயே இருந்தது, அம்மா அதையும் விடவில்லை. இப்போது ஆர்கான் வெல்டிங் இங்கேயே இருக்கிறது. சிவகாசி லேத் பட்டறைகள் அச்சு இயந்திரங்களை நம்பிப் பிழைப்பவை. ஜெர்மனியில் ஓடி ஓய்ந்த ஹைடல்பெர்க் இயந்திரங்கள் இங்கே வந்து இரண்டாவது ஆயுளைத் தொடங்குகின்றன. அவற்றுக்கு உதிரிபாகம் வாங்கிக் கட்டுப்படியாகாது, செய்துகொள்ள வேண்டியதுதான். அப்படி ஒரு பட்டறை அண்ணாச்சியிடம் கூட்டைக் கொண்டுபோனேன். எடுத்ததும் பற்றவைக்க மாட்டேன் என்றுவிட்டார். "அலுமினியம் எண்ணெய் குடிச்சிருக்கும் தம்பி. சூடு பட்டதும் கக்கும். முதல்ல அதைக் கக்க வைக்கணும்." பெட்ரோலில் ஊறவைத்து, சோப்பு நீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு சூடாக்கி, வெளியே வந்த கறுப்பைத் துடைத்து, மறுபடி சூடாக்கி, நான்கு நாள் போனது. வெல்டிங் வைத்த அன்றும் முதல் கோட்டில் குமிழ் குமிழாக எழும்பியது. அதை இழைத்துவிட்டு மறுபடி வைத்தார். மொத்தக் கூட்டையும் மெதுவாகச் சூடேற்றி, வைத்து, சாம்பலுக்குள் புதைத்து ஆறவிட்டார். சட்டென ஆறினால் கோணிவிடும். பிறகு இரண்டு பாதிகளும் சேரும் முகத்தைச் சமன் பார்த்தோம். ஒரு ஓரத்தில் தாள் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. கனமான கண்ணாடியின் மேல் பேஸ்ட் தடவி எட்டுப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அந்த வெளிச்சத்தை இல்லாமல் செய்ய எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. கூட்டுக்கு மட்டும் 2,400. புது கனெக்டிங் ராடும் பேரிங்கும் போட்டுக் கிராங்க் கட்ட 4,500. போர் அடித்துப் பிஸ்டன் மாற்ற 2,800. பேரிங், ஆயில் சீல், கேஸ்கெட் 1,900. கூட்டினால் 19,400 வருகிறது. ஒப்பந்தம் தப்பித்தது. கூட்டைத் தட்டிச் சேர்க்க, அலுமினியத்தைக் காயப்படுத்தாத சுத்தியல் வேண்டும். அப்பாவின் பித்தளைச் சுத்தியல் அலமாரியில் இருந்தது.

வெல்டிங் கோடு அசிங்கமாகத்தான் இருக்கிறது, புண் ஆறிய தையல் மாதிரி. இழைத்து மறைக்க வேண்டாமா என்று அண்ணாச்சி கேட்டார். வேண்டாம் என்றேன். வாங்குகிறவனுக்கு அது தெரிய வேண்டும்.

இன்ஜினைச் சட்டத்தில் ஏற்றும்போது ஒரு போல்ட் பக்கம் சின்ன இடைவெளி. வாஷர் தடிமன் அதிகம். அச்சகத்தில் ஓடி முடித்த ஆஃப்செட் பிளேட் அலுமினியம்தான், 0.3 மி.மீ. எங்கள் ஊர் மெக்கானிக்குகளுக்கு அது பழக்கமான சரக்கு. ஒரு துண்டு வெட்டி இரண்டாக மடித்து வைத்தேன், சரியாக உட்கார்ந்தது. ஆனி மாதத்தின் ஒரு வாரம் இப்போது என் இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. ராபர்ட் பிர்சிக் 1974-இல் எழுதிய மோட்டார் சைக்கிள் நாவலில், பீர் டின்னை வெட்டி ஹாண்டில்பாருக்கு அணை கொடுக்கலாம் என்று கதைசொல்லி சொல்ல, பி.எம்.டபிள்யூ வைத்திருக்கும் நண்பர் முகம் சுளிக்கும் இடம் ஒன்று வரும். உலகை இரண்டு விதமாகப் பார்ப்பவர்கள் என்று பிர்சிக் அதை வளர்த்துக்கொண்டு போவார். எனக்குப் பிடித்த புத்தகம்தான். ஆனாலும் இந்தத் தகட்டு வேலைகளைக் கலை என்றும் இந்திய மூளை என்றும் பாராட்டுகிறவர்களைக் கண்டால் எரிச்சல் வருகிறது. அப்பா பில் இல்லாத கூட்டை வாங்கிப் பொருத்தியது உலகப் பார்வையால் அல்ல. திங்கட்கிழமை டியூட்டி இருந்தது. வேறு வழி இருந்திருந்தால் அவர் அதை வாங்கியிருக்க மாட்டார். தகட்டை வெட்டும்போது எனக்குக் கிடைத்த சந்தோஷம், அடுத்த நாள் அந்த வண்டியில் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லாததால் கிடைத்தது.

மே மாதம் இரண்டாவது வாரம் வண்டி கிளம்பியது. புகை அடங்கி, சத்தம் ஒரு சீருக்கு வந்ததும் அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இது வேற மாதிரி இருக்கே" என்றார். புது பிஸ்டன், புது பேரிங், அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆர்.சி. நம்பரோடு இப்போதுதான் வண்டி சரியாக இருக்கிறது, ஒரிஜினல் இன்ஜின் இதுதான் என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்ப ஒம்பது வருசம் நான் ஓட்டுனது எதுடா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. காகிதத்துக்கு உண்மையாக இருக்கப்போய், அவர் நினைவுக்கு வண்டியை அந்நியமாக்கிவிட்டேனோ என்று தோன்றியது. பஞ்ச் அடித்திருந்தால் அவருக்கு அந்தச் சத்தம் கிடைத்திருக்கலாம். இரண்டு கடனையும் ஒரே பணத்தில் அடைக்க முடியவில்லை. முகம் தெரியாதவனுடையதை முதலில் அடைத்தேன், அப்பாவுடையது நிற்கிறது. அவரே பஞ்ச் வேண்டாம் என்றவர் என்பதால் நிற்காமல் போய்விடாது.

நண்பன் ஒருவன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, டூ ஸ்ட்ரோக் புகையை ஊர் மூக்கில் விடுவதற்கு இவ்வளவு ஒழுக்க விசாரணையா என்றான். நியாயமான கேள்வி. பெட்ரோலோடு ஆயில் கலந்து எரிக்கிற வண்டி, எவ்வளவு ட்யூன் செய்தாலும் கொஞ்சம் நீலப்புகை விடும். 2018-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்குத் தடை போட்டபோது, டெல்லிக்காரன் மூச்சுக்கு எங்கள் வயிறா என்று இங்கே பொங்கினோம். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது, ஆனால் டெல்லிக்காரனுக்கும் நுரையீரல் உண்டு. வேலைக்குப் போக இந்த வண்டி என்றால் நான் தயங்கியிருப்பேன். மாதத்தில் இரண்டு ஞாயிறு, விருதுநகர் வரை போய் எண்ணெய் பரோட்டா சாப்பிட்டுத் திரும்புவது, அதுதான் இதன் ஓட்டம். அது என்னை நியாயப்படுத்தாது, அளவைக் குறைக்கிறது.

இரண்டாவது கூடு இப்போது அதே சாக்கில், அதே பரணில். 3,000 தருகிறேன் என்று ஒருவர் கேட்டார். எண்ணை இழைத்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை என்றும் சொன்னார். 1994-இல் மதுரை இரும்புக்கடைக்கு அது எப்படி வந்தது என்று தெரியாது. லாரியில் மோதி நொறுங்கிய வண்டியாக இருக்கலாம். ஒரு ராத்திரி யாரோ ஒருவர் வாசலில் நிறுத்திவிட்டுப் போய், காலையில் காணாமல் போன வண்டியாகவும் இருக்கலாம். அப்படியானால் யாருடைய ஆர்.சி. புத்தகத்திலோ இந்த எண் இருக்கிறது. 9 வருடம் நாங்கள் அதன்மேல் உட்கார்ந்து போயிருக்கிறோம். மண்ணெண்ணெய் தொட்டு அழுக்கைத் துடைத்துப் பார்த்தேன், எல்லா இலக்கமும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்தில் போய் என்னவென்று சொல்லி இதைக் கேட்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.